கம்யூனிட்டின்னா எங்க ஊர்ல சாதி

சென்னையில் ஒரு பயிற்சிக் கூட்டம். கம்பெனிக்காரன் தயவை எதிர்பார்க்காமல் கிராமத்து மக்கள் தாங்களே இணைய வலையைக் கட்டிக்கொள்வது எப்படி என்று இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் போயிருந்தேன். பேசினவர் நல்ல மனுசர், வேலை தெரிந்தவர். ஸ்பெயினில் கட்டலோனியாப் பக்கம் 2004இல் கிராமத்து ஆட்கள் தொடங்கிய 'குய்ஃபி' வலை 30,000 முனைகளைத் தாண்டிப் பரவியதைப் படம் போட்டுக் காட்டினார். மெக்சிகோவின் ஓஹாக்கா மலையில் தலேயா தெ காஸ்த்ரோ என்கிற பழங்குடி ஊர், கம்பெனிகள் எட்டிப் பார்க்காததால் 2013இல் சொந்தமாகவே செல்போன் கோபுரம் நட்டுக்கொண்ட கதையைச் சொன்னார். கேட்க நல்லாத்தான் இருந்தது. ஆனால் வாக்கியத்துக்கு வாக்கியம் 'கம்யூனிட்டி, கம்யூனிட்டி' என்றார். கம்யூனிட்டி முடிவு பண்ணும், கம்யூனிட்டி பார்த்துக்கொள்ளும், சாவி கம்யூனிட்டி கையில் இருக்கும். எனக்கு உள்ளுக்குள்ளே சிரிப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்ன தோழர் என்றார். ஒண்ணுமில்லை என்று விட்டுவிட்டேன். அன்றைக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அந்த வார்த்தையை நான் முதன்முதலில் கேட்டது பத்தாம் வகுப்பில். 'கம்யூனிட்டி சர்டிபிகேட்' கொண்டா என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். அப்பா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு என்னைத் தாலுகா ஆபீசுக்கு அழைத்துப்போனார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிமிராமலே, "என்ன கம்யூனிட்டி?" என்று கத்திக் கேட்டார். எங்கப்பாவுக்கு நாலு கழனி தாண்டி நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற தொண்டை. அன்றைக்கு அவர் சொன்ன பதில் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. "சத்தமா சொல்லுய்யா" என்றார் அந்த ஆள்.

எங்க பக்கத்துல கம்யூனிட்டின்னா சாதி. தமிழாக்கினால் தப்பிச்சிடலாமா என்றால் அதுவும் முடியாது. 'சமுதாயம்' என்று மாற்றுவார்கள். "அவங்க என்ன சமுதாயம்?" என்று பெண் பார்க்கப் போகிறவன் கேட்கிறானே, அந்தச் சமுதாயம். 'ஊர்' என்று மாற்றினாலோ இன்னும் மோசம். ஊர் என்றால் ஊர்த்தெரு. நாங்கள் இருப்பது காலனி. கழனியைத் தாண்டிக் கால் கிலோமீட்டர் போகணும். 'ஊர் கூடித் தேர் இழுத்தது' என்று பத்திரிகையில் படிக்கிறபோது அதில் நாம் இருக்கிறோமா என்று யோசிக்காத சேரிக்காரன் உண்டா?

இது வெறும் சொல் பிரச்சினை என்று சிலபேர் சொல்லக்கூடும். எனக்கு அது கையில் கம்பியோடு நிற்கிறபோது வந்த பிரச்சினை.

நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டு ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஏழு வருசம் சர்வீஸ் வேலை பார்த்தவன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் கடையை மூடினார்கள், ஊருக்கு வந்துவிட்டேன். தென்னார்க்காட்டுப் பக்கம் எங்க ஊர். பள்ளிக்கூடமும் மூடிக்கிடந்தது. எங்க அக்காவுக்கு மூணு பிள்ளைங்க, வீட்டில் ஒரே ஒரு டச் போன். அதையும் மாமா காலையில் வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். வாத்தியார் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற பாடத்தைப் பிள்ளைங்க ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஆளுக்கு இருபது நிமிசம் பார்க்கும். மூத்தவள் அப்போது ஒன்பதாவது. தம்பிகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் கடைசியில்தான் அவள் எடுப்பாள். அதற்குள் டேட்டா தீர்ந்திருக்கும். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் போட்டார்கள். கேபிள் இருந்த வீட்டில் பார்த்தார்கள்.

காலனியில் ஒரு சுற்று சுற்றினேன். அரசாங்கம் 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்கள் பரணிலும் அரிசிப் பானை மேலும் செத்துக்கிடந்தன. பேட்டரி உப்பியது, கீபோர்டில் எலி கடித்தது, ஸ்கிரீன் உடைந்தது. ஒன்பதைச் சேர்த்தேன். ஒன்றின் ரேமைப் பிடுங்கி இன்னொன்றில் போட்டு, உடைந்த ஸ்கிரீனுக்குப் பழைய டிவியை மாட்டி, ஐந்தை உயிர்ப்பித்தேன். 2 ஜிபி ரேமில் விண்டோஸ் மூச்சு வாங்கும் என்பதால் லினக்ஸ் போட்டேன். அம்பேத்கர் மன்றத்தில் மேசை போட்டு வைத்தோம். நெட் இல்லாமலே படிக்கக் கிவிக்ஸ் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரு மெமரி கார்டில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். பாடப் புத்தக பிடிஎஃப் எல்லாவற்றையும் அதனோடு போட்டு, ஒரு சின்ன ரூட்டரில் கொடுத்தோம். மன்றத்தைச் சுற்றி நாலைந்து வீட்டுக்கு எட்டும். அப்புறம் தெருக்கோடியில் இன்னொரு ரூட்டர். வீட்டு வைஃபை ஓடுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2005லிருந்தே இந்தியாவில் லைசென்ஸ் வேண்டியதில்லை. காற்றுக்கு எவனிடமும் மனு போட வேண்டாம் என்பதே எனக்குப் பெரிய சந்தோசம். இடையில் ஒரு புளியமரம். மழை பெய்து இலை நனைந்தால் அதைத் தாண்டிச் சிக்னல் போகாது. மரத்தை வெட்டவா முடியும்? ரூட்டரைத்தான் மாடி வீட்டுக்கு மாற்றினோம்.

வெளி இணையத்துக்கு என்ன செய்வது? பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் ஃபைபர் கேபிள் வந்துவிட்டது. 2011இல் ஒன்றிய அரசு ஒப்புதல் கொடுத்து, பிறகு பாரத்நெட் என்று பெயர் மாற்றின திட்டம், இரண்டரை லட்சம் பஞ்சாயத்துகளுக்குக் கண்ணாடி இழை இழுப்பதாகச் சொன்னது. கிராமம்தான் கணக்கு. கிராமத்துக்குள்ளே அந்தக் கம்பி எந்தத் தெருவில் வந்து நிற்கிறது என்பது கணக்கில் இல்லை. எங்களுக்கு அது ஊர்த்தெருவில் நிற்கிறது.

மன்றத்து விசயம் கேள்விப்பட்டு ஊர்ப் பெரியமனுசர் ஒருவர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். போனேன். திட்டவில்லை, தன்மையாகத்தான் பேசினார். "நல்ல காரியம் பண்றப்பா. அதைக் கொண்டாந்து சமுதாயக் கூடத்துல வை. பஞ்சாயத்துல இருந்து லைன் இழுத்துக்கலாம், கரண்ட்டும் பஞ்சாயத்துக் கணக்கு. எல்லாப் பிள்ளைங்களுக்கும் பொதுவா இருக்கும்."

பொது. இந்தச் சொல்லுக்கு எங்களிடம் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. பொதுக்கிணறு, பொதுவழி, பொதுச் சுடுகாடு எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறோம். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தாரே, பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லாருக்கும் உரியது என்று, அது நிறைவேறி நூறு வருசம் தாண்டிவிட்டது. மகாராட்டிரத்திலும் அதே கதைதான். 1923இல் பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 1924இல் மகாடு நகராட்சி சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஆனால் ஒரு தீண்டப்படாதவனும் அதில் கை நனைக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கான சனங்களோடு போய்க் குடித்த பிறகுதான் அது பொது. அதற்கும் அடி விழுந்தது, குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள், உயர்நீதிமன்றத் தீர்ப்பு வர 1937 ஆனது.

கட்டற்ற மென்பொருள் தோழர்களோடு எனக்கு இந்த இடத்தில்தான் சண்டை, அன்பான சண்டை. 1983இல் ஸ்டால்மன் தொடங்கிவைத்த அந்த இயக்கம் நாலு சுதந்திரத்தைச் சொல்கிறது. யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், திறந்து படித்துத் திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், திருத்தியதையும் கொடுக்கலாம். நான் இதை மனசாரப் பிடித்துக்கொண்டவன். செத்த லேப்டாப் உயிர்த்தது அதனால்தான். ஆனால் 'யாரும்' என்று உரிமப் பத்திரத்தில் எழுதியிருப்பது மகாடு நகராட்சித் தீர்மானம் மாதிரி. மேசை எந்தத் தெருவில் கிடக்கிறது, கதவு எத்தனை மணிக்குத் திறக்கிறது, உள்ளே வந்தால் எவன் முறைக்கிறான் என்பதை எந்த உரிமத்திலும் எழுதவில்லை.

அதைக் கவனித்தவர்களும் உண்டு. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம், அங்கிருந்து ரேடியோ அலையில் மற்ற ஊர்களுக்கு. வீராம்பட்டினத்தில் கடல் அலை எவ்வளவு உயரம் வரும் என்பதை அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்து மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இடத்தை ஊரே இலவசமாகத் தரணும், ஆனால் அது எல்லாச் சாதிக்காரரும் வந்துபோகக்கூடிய இடமாக இருக்கணும் என்பது நிபந்தனை. அப்படி ஒரு நிபந்தனை போட வேண்டியிருந்ததே, அதுதான் சேதி.

மன்றத்தில் கூட்டம் போட்டோம். பெரியப்பா எழுந்தார். இளவயசில் பொதுக்கிணற்றில் இறங்கி மண்டை உடைபட்டவர் அவர். "கூடத்துல வைடா. பொதுன்னு அவனே சொல்றான் இல்ல, போய் உக்காரு. தனியா கிணறு வெட்டிக்கிட்டா அவனுக்குத்தான் நிம்மதி. அரசாங்கம் காலனிக்குத் தனிக் கிணறு வெட்டிக் குடுத்துச்சே, எதுக்கு? நம்ம மேல அன்புலயா? நாம அவங்க கிணத்துப் பக்கம் போகக்கூடாதுன்னுதான்." அந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அதில் நியாயம் இருக்கிறது. தனியாகக் கட்டிக்கொள்வது ஒருவகையில் விலக்கை ஒப்புக்கொள்வதுதான்.

பதில் சொன்னது அக்கா மகள். பின்னால் சுவரோரம் நின்றவள், "அங்க வச்சா நான் வர மாட்டேன் மாமா" என்றாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை. அவள் உட்கார்ந்து எழுந்த நாற்காலியை யார் எப்படிப் பார்ப்பார்கள் என்பதும், ராத்திரி ஏழு மணிக்கு அந்தத் தெரு வழியாகத் திரும்பி வருவது என்னவென்பதும் அங்கிருந்த ஒவ்வொரு பொம்பளைக்கும் தெரியும். பெரியப்பாவும் உட்கார்ந்துவிட்டார்.

உரிமைக்காகப் போராடப் போகிறவன் அடி வாங்கத் தயாராகப் போகிறான். கணக்குப் பாடம் படிக்க வருகிற பிள்ளையிடம் நீயும் தயாராக வா என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? ஃபைபரைக் காலனிக்கும் இழுக்கச் சொல்லி மனு கொடுப்பது, பெட்டியை மன்றத்திலேயே வைப்பது என்று முடிவாயிற்று. மனு எட்டு மாசம் நகரவில்லை. 4ஜி சிம் போட்டு ஓட்டினோம். மன்ற உறுப்பினர் குடும்பம் மாசம் பத்து ரூபாய் தரணும், அவர்களுக்குப் பாஸ்வேர்ட். இந்த விதியை எழுதினவன் நான்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாகக் கட்டுவது நமக்குப் புதுசும் இல்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்று துணிந்து பெயர் வைத்து இதழ் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். மற்றவர்கள் பத்திரிகையில் இடம் கேட்டுக் காத்திருக்கவில்லை. சொந்தமாக நடத்தியதனால் அது சேரிக்குள்ளே மட்டும் பேசினதா? நாடே கேட்கிற மாதிரிதான் பேசியது. பெங்களூரில் குரப்பனபாளையாவை ஒட்டிய குடிசைப் பகுதியில் 2000களின் இறுதியில் கட்டற்ற மென்பொருள் தொண்டர்களும் ஸ்திரீ ஜாக்ருதி சமிதியும் சேர்ந்து ஒரு கணினி மையம் நடத்தினார்கள். அங்கத்துப் பிள்ளைங்க கிம்ப் மென்பொருளில் ஓவியம் போட்டார்கள். அதன் பெயர் 'அம்பேத்கர் கம்யூனிட்டி கம்ப்யூட்டிங் சென்டர்'. அம்பேத்கரையும் கம்யூனிட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பெயர். கிராம சமுதாயத்தைப் புகழ்ந்தவர்களுக்கு 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அந்த மனுசர் கொடுத்த பதில் தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயரின் காரம் புரியும். அவர் கிராமத்தைச் சாக்கடை என்றே நினைத்தார்.

இதுவரைக்கும் எழுதியது வசதியான பகுதி. நாம் ஒடுக்கப்பட்டோம், நாமே கட்டினோம். இத்தோடு நிறுத்தினால் நல்லாத்தான் இருக்கும்.

எங்க காலனிக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரையில் இருளர் வீடு எட்டு. பட்டா இல்லை, கரண்ட் இல்லை. 2021 கடைசியில் ஒருநாள் சாயங்காலம் மன்றத்து வாசலில் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். படியில் ஏறவில்லை. வெளியே நில் என்று யாரும் அவனைச் சொல்லவும் இல்லை. அவனாகவே நின்றான். எங்க பையன்கள் நாலுபேர் உள்ளே கேம் ஆடிக்கொண்டிருந்தார்கள். என்னடா என்றேன். எட்டாவது படிக்கிறானாம், பள்ளிக்கூடத்தில் கம்யூனிட்டி சர்டிபிகேட் கேட்கிறார்களாம், கம்ப்யூட்டரில் பதியணுமாம்.

உள்ளே வாடா என்றேன். வந்தான். ஒரு பையன் என் காதுக்கிட்ட வந்து, "அண்ணே, இவங்க மெம்பர் இல்லண்ணே. நேத்துகூட ஏரிக்கரைப் பசங்க ரெண்டு பேரு பாஸ்வேர்ட் கேட்டானுங்க, மாத்திட்டோம்" என்றான். சாதி வெறியோடு சொல்லவில்லை. விதியைச் சொன்னான், நான் எழுதின விதி. அதில் சாதிப் பேரே இல்லை. மன்ற உறுப்பினர், மாசம் பத்து ரூபாய், அவ்வளவுதான். மன்றத்தில் அவர்கள் உறுப்பினர் இல்லை, ஏனென்றால் நாங்கள் கேட்டதே இல்லை. சமுதாயக் கூடத்து விதியிலும்தான் சாதிப் பேர் கிடையாது.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. படிக்குப் படி ஏறினால் மரியாதை, இறங்கினால் இளக்காரம் என்று அடுக்கிவைத்திருக்கிற ஏற்பாடு இது, மேலே இருக்கிறவன் மட்டுமல்ல நடுவில் நிற்கிறவனும் அதைத் தாங்கிப் பிடிக்கிறான் என்று அம்பேத்கர் எழுதியதைக் கூட்டத்துக்குக் கூட்டம் பேசியிருக்கிறேன். பேசும்போது என் கை எப்போதும் மேல்நோக்கித்தான் காட்டும்.

மறுநாள் சொன்னபோது நண்பன் ஒருத்தன், "விடு, ஏரிக்கரைக்குத் தனியா ஒரு பெட்டி வச்சுக் குடுத்துடுவோம், அவங்களுக்கும் கூச்சமில்லாம இருக்கும்" என்றான். நல்ல யோசனையாகத் தோன்றியது, சரி என்று சொல்லியும்விட்டேன். சோலார் பலகைக்கு விலைகூட விசாரித்தேன். பெரியப்பா கேட்டுவிட்டுச் சிரித்தார். "தனிக் கிணறு வெட்டப் போறியா?" என்றார்.

ஆனால் நான் தனிக் கிணறுதானே வெட்டினேன், அது சரியென்று இத்தனை பக்கம் வாதாடவும் செய்கிறேனே? அப்படியானால் எது சரி? எனக்குப் பட்டது இவ்வளவுதான். மன்றத்தில் வை என்பதை அக்கா மகள் சொன்னாள், தன் வாயால், தனக்காக. ஏரிக்கரைக்குத் தனிப்பெட்டி என்பதை நாங்கள் சொல்கிறோம், அவர்களுக்காக, அவர்கள் இல்லாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு. ஒரே காரியம்தான். சொல்கிற வாய் மாறினால் ஒன்று சுயமரியாதை ஆகிறது, இன்னொன்று தீண்டாமை ஆகிறது. இதைத் தத்துவம் படித்தவர்கள் இன்னும் சரியாகச் சொல்லலாம். மறுத்தாலும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

ஏரிக்கரைக்குப் போனேன். அந்தப் பையனின் ஆயா வெளியே கட்டிலில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுகொண்டு, "வா சாமி" என்றார். எங்க தாத்தா ஊர்த்தெருவில் 'ஆண்டை' என்று கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தச் 'சாமி' என்னை என்ன செய்தது என்பதை எழுதத் தெரியவில்லை. உட்காரு ஆயா என்று நானும் தரையில் உட்கார்ந்தேன். பெட்டி, நெட் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கரண்டே இல்லாத எடத்துல அது எதுக்கு? புள்ள அங்கயே வரட்டும். ஆனா நீங்க வாங்கன்னு ஒரு வாட்டி கூப்புடணும். கூப்புடாத வூட்டுக்கு எப்பிடிப் போறது?" என்றார்.

பத்து ரூபாய் விதியை எடுக்கக் கூட்டம் போட்டோம். லேசில் முடியவில்லை. "பணம் கட்டுறவன் ஏமாளியா?" என்று ஒரு கேள்வி. "நாளைக்கு ஊர்த்தெருக்காரன் வந்தா அவனுக்கும் உண்டா?" என்று இன்னொன்று. வந்தால் உட்காரட்டும் என்று பெரியப்பா சொன்னதற்கு இரண்டு பேர் எழுந்துபோய்விட்டார்கள். ஒருத்தன் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பாஸ்வேர்டைச் சுவரில் எழுதினோம். மூன்று தடவை யாரோ அழித்துவிட்டார்கள், நாலாவது தடவை பெயிண்ட்டில் எழுதினது நிற்கிறது. ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்ட் என் போனில் மட்டும்தான் இருந்தது. அதை அக்கா மகளுக்கும் ஏரிக்கரையில் பத்தாவது முடித்த ஒரு பெண்ணுக்கும் கொடுத்தேன். கொடுக்கிறபோது மனசு கொஞ்சம் இழுத்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அந்தப் பையனின் மனுவை அன்றைக்கே பதிந்துவிட்டோம். பழங்குடிச் சான்றிதழ் கோட்டாட்சியர் கொடுக்க வேண்டியது. அப்பனுக்கு இருக்கிறதா, தாத்தனுக்கு இருக்கிறதா என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். இருக்கிற சர்டிபிகேட்டை மறைக்கப் பார்த்தவன் நான், இல்லாத சர்டிபிகேட்டுக்கு அலைகிறான் அவன். இப்போது பிளஸ் ஒன் வந்துவிட்டான். மன்றத்தில் மூன்றாவது மெஷின் அவனுடையது மாதிரி ஆகிவிட்டது, தமிழ்99 விசைப்பலகையில் என்னைவிட வேகமாக அடிக்கிறான். திரையில் அவன் மனு இன்னும் பரிசீலனையில் இருப்பதாகத்தான் காட்டுகிறது. வருகிற செவ்வாய்க்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆயாவையும் அழைத்துக்கொண்டு காலை முதல் பஸ்ஸுக்குப் போகணும்.